எட்டாக் கனியா உயிரியல்?

"மகள் என்ன குரூப் எடுத்திருக்கிறாள்?" என்று ஆலை வாயிலில் ஒருவர் கேட்கிறார். "பயாலஜி குரூப்" என்கிறார் மற்றவர். அதன் பிறகு இருவருக்கும் இடையே ஒரு மௌனம் விழுகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா தோழர்களே?

மகிழ்ந்து கொண்டாட வேண்டிய செய்தி அது. பாட்டன் பள்ளி வாயிலை மிதிக்காதவன். தந்தை எட்டாவதோடு நின்றவன். மகளோ உயிரின் உட்கூறுகளைப் பிரித்துப் படிக்கிறாள்! ஆனால் அந்த மௌனத்தில் மகிழ்ச்சி இல்லை. 'அவ்வளவு பெரிய புத்தகத்தை எப்படிச் சமாளிப்பாள்? கோச்சிங்குக்கு இலட்சக் கணக்கில் கட்ட நமக்கு ஏது வழி?' என்ற கவலைதான் அங்கே வாய் மூடிக் கிடக்கிறது.

பாடம் எளிது என்று நாம் பசப்பப் போவதில்லை. மேல்நிலை இரண்டு ஆண்டுகளிலும் உயிரியல் என்பது ஒரே பாடமாகப் பெயர் பெற்றிருந்தாலும், உள்ளே இரண்டு பாடங்கள்: தாவரவியல் ஒன்று, விலங்கியல் ஒன்று. பாக்டீரியாவில் தொடங்கி, பாசி, பூஞ்சை, மண்புழு, கரப்பான், தவளை என்று நடந்து, மனிதனின் நரம்பு, சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பி வரை வந்து, மரபியல், பரிணாமம், உயிரித் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் என விரிகிறது. இலத்தீன் பெயர்கள் அணிவகுக்கின்றன. கரப்பான் பூச்சியின் இதயத்துக்குப் பதின்மூன்று அறைகளாம்! ஏழை வீட்டுப் பிள்ளையின் எதிர்காலம் பற்றி முடிவு செய்யும் தில்லிப் பெரியவர்களின் இதயத்தில் எத்தனை அறை என்று எந்தப் பாடநூலும் எழுதவில்லை.

பாடத்தின் பளு ஒரு பங்கு என்றால், அதை இரண்டு தராசில் நிறுத்துவது இன்னொரு பங்கு. மார்ச்சில் அரசுப் பொதுத்தேர்வு வருகிறது. அங்கே விடையை விளக்கி எழுத வேண்டும், படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். மே மாதம் நீட் வருகிறது. அங்கே எழுத்துக்கே இடமில்லை, நான்கில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். 2025இல் 180 நிமிடத்துக்கு 180 கேள்விகள். அவற்றில் சரிபாதி, அதாவது 90, உயிரியல். 720இல் 360 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு; தவறானால் ஒன்று பறிபோகும். முன்னதற்குப் பழகிய கை பின்னதில் தடுமாறுகிறது. தடுமாற்றத்தைப் போக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பணம் வேண்டும். பணம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் இடம் அமர்ந்துகொள்கிறது.

இது நம் வாய்ப்பந்தல் அல்ல. நீதியரசர் ஏ. கே. ராஜன் குழு 2021இல் கணக்கெடுத்துச் சொன்னது. நீட் வருமுன் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் 100க்கு 14 பேருக்குக் குறையாமல் தமிழ்வழியில் படித்தவர்கள் இருந்தார்கள். 2017-18இல் அது 2க்கும் கீழே வீழ்ந்தது. 2020-21இல் இடம் பிடித்தவர்களில் 100க்கு 71 பேர் ஒரு முறைக்கு மேல் தேர்வு எழுதியவர்கள். ஓராண்டு வேலைக்குப் போகாமல், வருமானம் இல்லாமல், வீட்டிலிருந்து மீண்டும் படிக்க எந்தத் தொழிலாளியின் மகனால் முடியும்? தகுதி என்று இவர்கள் பெயர் வைத்திருப்பது காத்திருக்கும் வசதிக்கு!

மருத்துவக் கல்லூரி வாசலில் நாம் போராடுவது இன்று நேற்றல்ல. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில், வகுப்புவாரி இடம் தந்த அரசாணை செல்லாது என்றது உச்சநீதிமன்றம். தமிழகம் கொதித்தது, பெரியார் களம் கண்டார், அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1984இல் இங்கேயே நுழைவுத் தேர்வு புகுந்தது. 2006இல் சட்டம் இயற்றி அதை அகற்றினோம். 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. அன்று கொடுத்த ஒப்புதலை இன்று ஏன் மறுக்கிறார்கள்? 2021இல் நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றினோம். 2025 ஏப்ரலில், ஒப்புதல் இல்லை என்ற செய்திதான் வந்து சேர்ந்தது.

அந்தப் போராட்டம் நடக்கட்டும், நடந்தே தீர வேண்டும். ஆனால் நம்மவர்களிடமே ஒரு பேச்சு உலவுகிறது. அதை மறைக்காமல் எடுத்து வைக்கிறோம். "நீட்டை எப்படியும் ஒழிக்கப் போகிறோம், அதற்காகப் பிள்ளையை ஏன் வாட்ட வேண்டும்?" என்கிறார்கள் நல்லெண்ணம் கொண்ட தோழர்கள் சிலர்.

2017ஐ நினைத்துப் பாருங்கள். ஓராண்டு விலக்குக்கு அவசரச் சட்டம் வருகிறது, வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்டு 22 அன்று மத்திய அரசு கைவிரித்தது. நீட் மதிப்பெண்படியே சேர்க்கை என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அரியலூர் மாவட்டத்து அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியவள், செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனாள். அந்தப் பிள்ளையைத் தோற்கடித்தது உயிரியல் அல்ல. 1176 அதற்குச் சாட்சி. பந்தயம் பாதி ஓடிய பிறகு கோட்டை மாற்றிப் போட்டார்களே, அதுதான். அதற்குப் பிறகு 2025 வரை எட்டு அணிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டார்கள். சட்டம் வரும் வரை வயது காத்திருக்குமா? மன்றத்தில் வாதாடுவது நம் வேலை. பாடத்தில் தேறுவது பிள்ளையின் வேலை. முன்னதைக் காரணம் காட்டிப் பின்னதை நிறுத்தச் சொல்வோர், தாமறியாமலே எதிரிக்கு உதவுகிறார்கள் என்போம்.

தேறுவது எப்படி? இங்கேதான் நம்மவர்கள் வீணாக அஞ்சுகிறார்கள்.

முதல் அச்சம் மொழி பற்றியது. தமிழில் படித்தால் அறிவியல் வராதாம்! ஆங்கிலத்தில் 'மியாசிஸ்' என்று ஒரு சொல். கேட்டவனுக்கு எதுவும் விளங்காது. தமிழில் 'குன்றல் பகுப்பு'. எது குன்றுகிறது? 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குன்றுகின்றன. பெயரிலேயே பாடம் இருக்கிறது! ஒளிச்சேர்க்கையும் அப்படியே. இலத்தீன் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். அது இன்று எவன் வீட்டிலும் தாய்மொழி அல்ல. 'ஒரைசா சட்டைவா' என்பது இலண்டன் பிள்ளைக்கும் மனப்பாடம்தான். நமக்காவது, அது நெல் என்றதும் வயல் கண்ணில் தெரியும். அதே வேளையில், ஆங்கிலச் சொல்லையும் பக்கத்திலேயே எழுதிப் பழகட்டும். மருத்துவக் கல்லூரியில் அதுதான் புழங்குகிறது. மொழிபெயர்ப்பையும் நம்பி இருக்க முடியாது. 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை. சிறுத்தை இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' வந்து உட்கார்ந்தது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. தமிழ் நமக்கு உயிர். அதனாலேதான் சொல்கிறோம், இரு சொல்லும் தெரிந்த பிள்ளையை எவனும் ஏமாற்ற முடியாது.

இரண்டாவது அச்சம் மனப்பாடம் பற்றியது. "அந்தச் சுழற்சி, இந்தச் சுழற்சி என்று இரவெல்லாம் உருப்போடுகிறாள், காலையில் மறந்து போகிறது" என்கிறார் ஒரு நூற்பாலைத் தோழர். அவரையே கேட்போம்: பஞ்சு முதலில் புளோரூம், பிறகு கார்டிங், பிறகு டிராயிங், கடைசியில் ஸ்பின்னிங். இந்த வரிசையை நீர் உருப்போட்டா வைத்திருக்கிறீர்? ஒன்றில் வெளிவருவது அடுத்ததற்குள் போகிறது என்று அறிந்ததால் மறக்கவில்லை அல்லவா? செல்லும் ஓர் ஆலைதான். குளுக்கோஸ் என்னும் பஞ்சு சைட்டோபிளாசத்தில் முதல் முறை உடைபடுகிறது. உடைந்த துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க் கிரப்ஸ் சுழற்சியில் சுழல்கிறது. கரியமில வாயு கழிவாக வெளியேறுகிறது. கடைசிப் பிரிவு அதன் உட்சவ்வில். அங்கேதான் ஏடிபி என்னும் கூலி மொத்தமாகக் கைக்கு வருகிறது. ஒவ்வொரு பொறிக்கும் ஓர் ஆள் போல, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஆலையின் ஓட்டம் மனத்தில் நின்றால் ஆட்களின் பெயர் தானே நிற்கும். பெயரை முதலில் உருப்போட்டால் ஒன்றும் நிற்காது.

ஆய்வகம் இல்லையே என்று ஏங்க வேண்டாம். பாடநூலில் பாதி நம் தெருவில் கிடக்கிறது. இளநீரை வெட்டினால் உள்ளே இருப்பது, உட்கருக்கள் பெருகியும் செல்சுவர் தோன்றாமல் மிதக்கும் கருவூண். அது சுவர் எழுப்பிக் கெட்டிப்பட்டதுதான் தேங்காய். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேர் முண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. லெக்ஹீமோகுளோபின் என்ற அந்த நீண்ட பெயர் அதன் பிறகு மறக்குமா? ஒருபுறம் நெல், ஒருபுறம் கரும்பு நிற்கும் ஊரில், சி3, சி4 தாவரங்கள் வரப்புக்கு இப்பாலும் அப்பாலும் நிற்கின்றன. செம்பருத்தியைப் பிரித்தால் மகரந்தத் தாள்கள் ஒரே குழலாய் ஒட்டியிருப்பது தெரியும். இவற்றையெல்லாம் பணம் கட்டி, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, திரையில் பார்க்கிறார்கள் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள்!

படிக்கும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைப் படிப்பு என்று எண்ணுகிறார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களைக் கொண்டு சோதித்தார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள்; மறு சாரார் பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னவர் வென்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பின்னவர் வென்றனர்! தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே புத்தகத்தை மூடட்டும், நெஃப்ரானை வெறுந்தாளில் வரையட்டும், பிறகு திறந்து பிழை திருத்தட்டும், மூன்று நாள் கழித்து மறுபடியும் வரையட்டும். அம்மாவுக்குப் புரியும்படி விளக்கிச் சொல்ல முடிந்தால் பாடம் ஏறிவிட்டது. இதற்குக் கட்டணம் கிடையாது.

ஒரு தேர்வில் தவறினால் மூளை இல்லை என்று பொருளா? பட்டாணிச் செடி வளர்த்து மரபியலுக்கு அடித்தளம் இட்டாரே மெண்டல், குடியானவர் மகன், அவர் 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தவறியவர்! 1866இல் அவர் வெளியிட்ட ஆய்வை 1900 வரை உலகம் பொருட்படுத்தவில்லை. மருத்துவ இடம் கிடைக்காத உயிரியல் மாணவருக்கு உலகம் இருண்டுவிடவில்லை என்பதைப் பெற்றோர் வீட்டில் உரக்கச் சொல்ல வேண்டும். 2025 சேர்க்கை வரையிலும், தமிழ்நாட்டில் வேளாண்மைப் படிப்புக்கும் கால்நடை மருத்துவப் படிப்புக்கும் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டன. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், ஒதுங்கி இருக்கிறதா? மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் ஆவதற்கு மட்டுமா உயிரியல்? சாதி இரத்தத்தில் இருக்கிறது என்பவனிடம், இரத்தத்தில் இருப்பது ஏ, பி, ஏபி, ஓ என்ற வகைகள்தான் என்று எடுத்துக் காட்டும் பாடம் அது. அவற்றில் ஏ, பி, ஓ வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் கண்டறிந்து வெளியிட்டார். சேரியும் அக்கிரகாரமும் அந்தப் பட்டியலில் இல்லை! 2023இல் மத்திய பாடநூல் நிறுவனம் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமப் பகுதியை வெட்டி எறிந்ததும், 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையெழுத்திட்டுக் கண்டித்ததும் ஏன் என்று இப்போது விளங்கும். டார்வினுக்கு அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரியலை நம் பிள்ளைகள் புரிந்து படிப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி இராது.

2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் செப்டம்பரில் நிறைவேற்றியும், ஆளுநரின் கையெழுத்து அக்டோபர் 30இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளே சேர்ந்திருந்தனர். அந்த ஓராண்டிலேயே 300க்கும் மேற்பட்டோர் மருத்துவக் கல்லூரிப் படியேறினர். கதவு கொஞ்சம் திறந்தால் போதும், நம் பிள்ளைகள் நுழைந்து விடுவார்கள். அந்த இடங்களுக்கும் தேர்வில் தேறியாக வேண்டும் என்பதால்தான் நம் படிப்பகங்களைப் பற்றிக் கேட்கிறோம்.

ஒரு காலத்தில் முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க் கடையும் படிப்பகமும் நமக்குப் பல்கலைக் கழகங்களாய் இருந்தன. இன்று பல ஊர்களில் படிப்பகம் பூட்டிக் கிடக்கிறது. தேர்தல் வந்தால் திறக்கிறது. பூட்டைத் திறக்க மாநாடு கூட்ட வேண்டியதில்லை. கரும்பலகை ஒன்று, மாநிலப் பாடநூலும் மத்தியப் பாடநூலும் இரண்டு இரண்டு படிகள், பழைய வினாத்தாள்கள், இரவு பத்து மணி வரை விளக்கு. ஊரில் ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் இருப்பார், போய்க் கேளுங்கள். சென்ற ஆண்டு தேறிக் கல்லூரிக்குப் போன பிள்ளை விடுமுறையில் வரும், அதையும் உட்கார வையுங்கள். பெண் பிள்ளைகள் வந்து போகப் பாதுகாப்பாய் இருக்க வேண்டும். அதைக் கிளைச் செயலாளர் பொறுப்பேற்றுக் கவனிக்க வேண்டும். பாடம் நடக்கும் நேரத்தில் அங்கே அரசியல் பேச்சு வேண்டாம். பேசத்தான் நமக்குத் தெருமுனை இருக்கிறதே.

முதல் வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை நல்லது. இறைச்சிக் கடையில் கூட்டம் சேருமுன்னே ஆட்டு இதயம் ஒன்றைச் சொல்லி வாங்கி வைத்து, கத்தியும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்து வாருங்கள். நீளவாக்கில் பிளந்தால் நான்கு அறைகளும் தெரியும். இடப்பக்கத்துக் கீழறையின் சுவர் வலப்பக்கத்தைவிடத் தடிப்பாய் இருக்கும். ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். வலப்பக்கம் அருகிலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும். இடப்பக்கந்தான் உடல் முழுவதற்கும் உழைக்கிறது.