பல்லை முதலில் காட்டுங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமியாரின் வெற்றிலைப் பெட்டி இன்னும் இருக்கிறது. இப்போது அதில் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் திருவையாற்றுப் பக்கம் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை இல்லாவிட்டால் பல பேருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அத்தைக்கு அது நாற்பது வருஷப் பழக்கம். கன்னத்தின் உள்ளே வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. காட்டினால், புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்து, பிறகு கதிர்வீச்சு வைக்க வேண்டும் என்றார்கள்.

கதிர்வீச்சுக்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சீட்டும் கொடுத்தார்கள். நான்தான், "ஆடுற பல்லு ஒண்ணு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. முதல்ல உயிரைப் பார்ப்போம்" என்றேன். தாளடி அறுப்பு நேரம் வேறு. சீட்டு என் கைப்பையிலேயே கிடந்தது.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஒரு வருஷம் கழித்து அந்தப் பல் வலித்தது. பக்கத்து ஊரில் பிடுங்கிக்கொண்டு வந்தோம். கதிர்வீச்சு வைத்ததை நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிடுங்கின குழி ஆறவே இல்லை. சில மாதத்தில் தாடை எலும்பு வெளியே தெரிந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். இன்றைக்கும் அத்தைக்குக் குழைந்த சாதம்தான்.

அப்புறம்தான் டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுமாம். அதிலும் கீழ்த்தாடையில் காயம் ஆறுவது கஷ்டம். இந்த ஆபத்து ஆயுளுக்கும் உண்டு.

அதற்காகக் கதிர்வீச்சுக்கே பயப்பட வேண்டாம், சகோதரிகளே! புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1957-லேயே அங்கே கோபால்ட் கருவி வந்துவிட்டது. அன்றிலிருந்து எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த சிகிச்சை இது. வாயை மட்டும் நாம் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும்.

சிகிச்சைக்கு முன்: சொத்தை, ஆட்டம், ஈறு வீக்கம் எல்லாவற்றையும் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பல்லைப் பிடுங்க வேண்டுமானால், கதிர்வீச்சு தொடங்கக் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். புண் ஆற அவகாசம் வேண்டுமே! வெற்றிலை, பாக்கு, புகையிலையை அன்றோடு விட்டுவிட வேண்டும். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்துவிட்டது.

சிகிச்சை நடக்கையில்: பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், ஆறு ஏழு வாரம் நடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வாய் சிவந்து புண்ணாகும். 1 லிட்டர் ஆறின வெந்நீரில் உப்பு 1 டீஸ்பூன், ஆப்ப சோடா 1 டீஸ்பூன் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகும் இடையிடையேயும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மிக மென்மையான பிரஷ் போதும். எரிச்சல் தரும் கடை மவுத்வாஷ் வேண்டாம். பல்செட்டை இரவில் கழற்றி வைக்க வேண்டும். காரம், புளிப்பு, சூடு மூன்றும் ஆகாது. பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சாதம், இட்லியைப் பாலில் ஊறவைத்து, முட்டை, கஞ்சி என்று கொடுக்கலாம். வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, தண்ணீரே இறங்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முடிந்த பிறகு: எச்சில் குறைவதால் பல் சீக்கிரம் சொத்தையாகும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். மிட்டாய் சப்பக் கூடாது. புளோரைடு பேஸ்ட், ஜெல் பற்றி டாக்டரைக் கேளுங்கள். வாயைத் திறந்து மூடும் பயிற்சியும் கற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாடை இறுகிவிடும். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக, "கதிர்வீச்சு வைத்த வாய்" என்று சொல்லிவிடுங்கள்.

போன மாதம் எதிர்வீட்டு அண்ணனுக்கு இதே மாதிரி சீட்டு கொடுத்தார்கள். மறுநாளே நான் அழைத்துப் போனேன். இரண்டு பல் எடுத்து, ஆறின பிறகுதான் கதிர்வீச்சு தொடங்கினார்கள்.

அத்தை இதுவரை அந்தச் சீட்டைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால்தான் நானே எழுதிவிட்டேன்.