வீல்சேர் கொடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு. அப்புறம்?

1/ ஒவ்வொரு டிசம்பர் 3-ம் தேதியும் என் போனுக்கு ஒரே மாதிரி போட்டோக்கள் வரும். பின்னால பேனர், முன்னால வரிசையா வீல்சேர், நடுவுல சால்வை போட்ட பெரியவங்க. நெய்வேலியில டாக்டரா இருக்கிற நானும் அப்படிச் சில போட்டோக்கள்ல நின்னிருக்கேன். அதனால இந்தக் குற்றச்சாட்டு என் மேலயும் சேர்த்துத்தான். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ ஆறு மாசம் கழிச்சு அந்த வீல்சேர் என்ன ஆச்சுன்னு யாரும் போட்டோ அனுப்புறதில்லை. நான் நேர்ல பார்த்தேன். நகரியத்துக்கு வெளியே ஒரு கிராமம், ஒரு வீட்டுத் திண்ணை. வீல்சேர் மேல முந்திரிக்கொட்டை மூட்டை. குழந்தை உள்ளே பாயில படுத்திருக்கா. வயசு ஆறு. செரிப்ரல் பால்சி.

3/ "அதுல உக்கார வெச்சா ஒரு பக்கமா சரிஞ்சு விழுந்துடுறா டாக்டர். பெரியவங்க சைஸு. எங்க மாத்தித் தருவாங்கன்னும் தெரியல. தூக்கிப் போடவும் மனசு வரல"ன்னு அம்மா சொன்னாங்க. தப்பு அந்த அம்மா மேலயா? அளவே எடுக்காம நாற்காலி கொடுத்தவங்க மேலயா?

4/ இன்னொருத்தர். கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முகாம்ல வீல்சேர் கிடைச்சுது, குஷன் கிடைக்கல. எப்படி உட்காரணும், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை உடம்பைத் தூக்கிக் கொடுக்கணும்னு யாரும் சொல்லித் தரல. என்கிட்ட வந்தப்போ படுக்கைப் புண்ணுக்குள்ள எலும்பு தெரிஞ்சுது. வலியே தெரியாததால அவர் தாமதமா வந்தார்.

5/ வீல்சேர் கொடுக்க எட்டுப் படிகள் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2008-லயே எழுதி வெச்சிருக்கு. பரிந்துரை, பரிசோதனை, எந்த மாதிரி நாற்காலின்னு முடிவு, நிதியும் ஆர்டரும், தயார் பண்றது, உடம்புக்குப் பொருத்திப் பார்க்கிறது, பயிற்சி, தொடர் கவனிப்பு. நம்ம ஊர் மேடையில நடக்கிறது இதுல எத்தனை? எண்ணிப் பாருங்க.

6/ குழந்தைகள் விஷயத்துல இது இன்னும் அவசரம். மூளை வேகமா வளர்றது முதல் சில வருஷம்தான். அப்போ பயிற்சி வாராவாரம், வீட்டுல தினமும் நடக்கணும். சில மாசம் விட்டா தசை இறுகும், மூட்டு மடங்கும். அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேச வேண்டியிருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் முகாம்ல இதைச் சரிபண்ண முடியாது.

7/ அப்போ இந்த வேலையை யார் செய்யறாங்க? எனக்குத் தெரிஞ்ச ஒரு இடம் சொல்றேன். ஒரு தகர ஷெட். ஏழு அம்மாக்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாரம் ரெண்டு நாள் ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைக்கிறாங்க. அவர் சொல்லிக் கொடுத்ததை மிச்ச நாள்ல அவங்களே செய்யறாங்க. பெயர்ப்பலகை கூட இல்லை.

8/ ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவங்களுக்கு தேசிய அறக்கட்டளையோட "நிராமயா" காப்பீடு இருக்கு. வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் கிடைக்கும். இதை எனக்குச் சொன்னதே அந்த அம்மாக்கள்தான். வெட்கத்தோட ஒத்துக்கறேன். ஊனச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டா என் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சிட்டிருந்தவன் நான்.

9/ அவங்க உதவி கேட்டு ஒரு நிறுவனத்துக்குப் போனாங்க. எந்த நிறுவனம், எந்த ஊர்ங்கிறது இங்கே முக்கியமில்லை. முதல் கேள்வி: "80ஜி இருக்கா?" ஒரு அம்மா வெளியே வந்து என்கிட்ட சொன்னது: "5ஜி தெரியும் டாக்டர், 80ஜின்னா என்ன?" சிரிச்சோம். அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல.

10/ சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. பெரிய நிறுவனங்கள் கடந்த மூணு வருஷ லாபத்தோட சராசரியில 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும். தான் இயங்குற பகுதிக்கு முன்னுரிமை தரணும். சிறப்புக் கல்வியும் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியல்லயே இருக்கு.

11/ ஆனா அந்தப் பணம் ஒரு வெளி அமைப்புக்குப் போகணும்னா பதிவு, 12ஏ, 80ஜி, மூணு வருஷ அனுபவம் எல்லாம் வேணும். 2021-ல இருந்து சி.எஸ்.ஆர்-1 படிவமும் சேர்ந்துக்கிச்சு. திருடனைத் தடுக்கப் போட்ட வேலிதான், புரியுது. அதே வேலி அந்த ஏழு அம்மாக்களையும் வெளியே நிறுத்துது.

12/ இன்னைக்கு நாம பெருமையா சொல்ற அமைப்புகள் எப்படி ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. சென்னை வித்யாசாகர்: 1985-ல பூனம் நடராஜன் ஒரு கார் ஷெட்டுல மூணு குழந்தைகளோட தொடங்கினது.

13/ ஆய்க்குடி அமர் சேவா சங்கம்: 1981-ல எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கினது. 1975-ல கடற்படை அதிகாரி தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல பத்மஸ்ரீ. இன்னைக்கு அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பணியாளர்கள் வீடு வீடா போய் குழந்தைகளைப் பார்க்கிறாங்க. அந்த முதல் வருஷத்துல இவங்க ரெண்டு பேரும் இன்றைய விதிப்படி மனு போட்டிருந்தா? "மூணு வருஷம் கழிச்சு வாங்க."

14/ "கணக்குத் தெரியாதவங்க கையில பணம் கொடுத்தா காணாம போயிடும்"னு சொல்வீங்க. நியாயமான பயம். போலி அமைப்புகளை நானும் பார்த்திருக்கேன். அதுக்கு மருந்து பணத்தை நிறுத்துறது இல்லை, கணக்கு எழுதக் கத்துக் கொடுக்கிறது. கணக்குத் துறையில முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவங்க நெய்வேலியில தெருவுக்கு நாலு பேர் இருக்கீங்க. வாரம் ஒரு மணி நேரம் போதும்.

15/ நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். நகரியத்துல ஸ்நேகா சிறப்புப் பள்ளி இருக்கு, நல்ல விஷயம். தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியோட "உரிமைகள்" திட்டம் நடத்துது, "விழுதுகள்" சேவை மையங்கள் வருது. வரவேற்கிறேன். ஆனா மையத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு பஸ் மாறி, பத்து வயசுப் பையனை இடுப்புல தூக்கிட்டு வர்றது யாரு? அங்கதான் உள்ளூர்க் குழு தேவை.

16/ நம்ம ஊருக்குன்னு ஒரு தனிக் கணக்கும் இருக்கு. 1956-ல நிறுவனம் தொடங்கினதுல இருந்து சுத்தியிருக்கிற கிராமங்கள் நிலம் கொடுத்துட்டே இருக்கு. ஆர்ச் கேட்டுக்கு உள்ளே அகலமான ரோடு, மரம், பார்க், வட்டத்துக்கு வட்டம் வசதி. வெளியே மண் ரோட்டுல வீல்சேர் சக்கரம் புதையுது. உள்ளே இருக்கிறவங்களும் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு வெளியேதான் போகணும். அந்த மண் ரோடு ஒரு நாள் உங்க ரோடாவும் ஆகலாம்.

17/ அடுத்து, முடிவு எடுக்கிற இடம். 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல ஒரு நல்ல சட்டத் திருத்தம் வந்துச்சு. உள்ளாட்சி அமைப்புகள்ல மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா ஆக்குறது. 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். ஆனா நம்ம நகரியத்தை நடத்துறது நிறுவனத்தோட நகர நிர்வாகம். வார்டு கவுன்சிலரே இல்லாத ஊர்ல நியமன உறுப்பினர் எங்கே உட்காருவார்?

18/ மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 வந்து 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிச்சுது. அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையா விடக்கூடாது, கட்டாயமாக்கணும்னு 2024 நவம்பர் 8-ல ராஜீவ் ரத்தூரி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சாய்வுதளம் கேட்கிறவன் சலுகை கேட்கலைன்னு அர்த்தம்.

19/ "நாங்க அன்னதானம் பண்றோமே டாக்டர்"னு ஒரு நண்பர் சொன்னார். பக்கத்துல வடலூர். 1867-ல வள்ளலார் பத்த வெச்ச அடுப்பு இன்னும் அணையல. அவர் ஒரு நாள் சமைச்சுப் போட்டுட்டு போகல, தினமும் எரியற அடுப்பை வெச்சுட்டுப் போனார். நாம பண்றது டிசம்பர் 3-க்கு மட்டும் பத்த வெக்கிற அடுப்பு.

20/ சரி, என்ன பண்ணலாம்? நான் கேட்கிறது நாலு.

ஒண்ணு: அளவு எடுக்காம, மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் திரும்பிப் பார்க்க ஆள் போடாம எந்த முகாமும் வேண்டாம். நூறு வீல்சேருக்குப் பதிலா முப்பது கொடுங்க, பொருத்திக் கொடுங்க.

21/ ரெண்டு: சின்னக் குழுக்களுக்குச் சின்னத் தொகை, மூணு வருஷம் தொடர்ச்சியா. வாடகை, பிசியோ சம்பளம், ஆட்டோ செலவு. பதிவு இல்லைன்னா பதிவான ஒரு பெரிய அமைப்பு மூலமா கொடுங்க. இல்லைன்னா நிறுவனமே நேரடியா செய்யட்டும். சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது.

மூணு: நகர நிர்வாகத்துல ஒரு ஆலோசனைக் குழு. அதுல பாதிக்கு மேல மாற்றுத்திறனாளிகளும் பெற்றோரும். உள்ளேயும் வெளியேயும் இருந்து.

22/ நாலு: பஸ் ஸ்டாப், பேங்க், ஆஸ்பத்திரி, மார்க்கெட், புத்தகக் கண்காட்சி எல்லாத்தையும் அந்தக் குழு வீல்சேர்ல சுத்திப் பார்த்து அறிக்கை கொடுக்கணும். என் கிளினிக்ல இருந்தே தொடங்கட்டும். வாசல்ல மூணு படி. இத்தனை வருஷமா எனக்கு அது கண்ணுல படல. இந்த மாசம் சாய்வுதளம் போடறேன்.

23/ அந்த ஆறு வயசுக் குழந்தை இப்போ தகர ஷெட்டுக்கு வர்றா. உள்ளூர் தச்சர் ஒருத்தர் பிசியோ சொன்ன அளவுல மர நாற்காலி செஞ்சு கொடுத்தார். நேரா உட்கார்றா. தட்டுல இருந்து தானே எடுத்துச் சாப்பிடுறா. பேனர் இல்லை, சால்வை இல்லை.

24/ ஷெட்டுக்கு அடுத்த மாச வாடகை இன்னும் சேரல. உங்க ஊர்லயும் இப்படி ஒரு ஷெட் கண்டிப்பா இருக்கும். தேடிப் போங்க. போகும்போது கேமரா வேண்டாம், கணக்கு எழுத ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க.