‘ஏன்’ வேண்டாம், ‘என்னாச்சு’ போதும்



‘கோச்சிங்’ என்றாலே நம் ஊரில் நீட் சென்டர்தான் ஞாபகத்துக்கு வரும். கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவரிடம், "அடுத்த இதழ் முதலாளிகளுக்கான கோச்சிங் பத்தி" என்று சொன்னேன். "இந்த வயசுல என்னை என்ட்ரன்ஸ் எழுதச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சொல்லின் கதையே வேடிக்கைதான். ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிகள் பெயர்போனவை என்பதால் வண்டிக்கே ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரைசேர்த்துவிடும் தனி ஆசிரியரை அந்தப் பெயராலேயே கேலியாக அழைத்தார்கள். ரயிலில் நாம் மூட்டையோடு ஓடித் தேடும் எஸ்-7 கோச்சும் அதே வம்சம்.

இந்த இதழ் பேசும் கோச்சிங்கில் யாரும் யாரையும் சுமப்பதில்லை. டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், முழங்கையை இப்படி வை, மட்டையை அப்படித் திருப்பு என்று சொல்லச் சொல்ல ஆடுபவரின் உடம்பு விறைத்துப்போவதைக் கவனித்தார். தான் சும்மா இருந்தால் நன்றாகவே ஆடுகிறார்கள். அதனால் ஒரே ஒரு வேலை கொடுத்தார். பந்து தரையில் படும்போது ‘பௌன்ஸ்’, மட்டையில் படும்போது ‘ஹிட்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கவனம் பந்தின் மேல் போனதும் கை தானாக வழிக்கு வந்தது. 1974இல் இதை நூலாக எழுதினார். டென்னிஸுக்குச் சம்பந்தமே இல்லாத கம்பெனி மேலாளர்களும் தேடிப் படித்தார்கள்.

அந்த முறையைப் பிரிட்டனின் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். 1965இல் ஐரோப்பிய கார் பந்தயச் சாம்பியன். 1992இல் வந்த அவருடைய நூல் நான்கு கேள்விகளைச் சுற்றி நடக்கிறது: எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப்போகிறாய். எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு சின்னக் குறிப்பு. ‘ஏன்’ என்று கேட்பதைக் குறையுங்கள் என்கிறார். குற்றம் சாட்டுவதுபோல் காதில் விழும், எதிரே இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார் என்பது காரணம்.

அங்கே எப்படியோ, தமிழில் இது நூற்றுக்கு நூறு. முதலாளி வாயிலிருந்து வரும் ‘ஏன்’ கேள்வியே அல்ல. ‘ஏன் லேட்டு?’ என்றால், நேரத்துக்கு வரத் தெரியாதா என்று அர்த்தம். ‘ஏன் சொல்லல?’ என்றால், மறைத்துவிட்டாய் என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே பதில்தான் உண்டு: "சாரி சார்." என்னாச்சு என்று கேட்டால்தான் நடந்தது வெளியே வரும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில மாதங்களுக்கு முன் பக்கம் முடிக்கும் இரவு. விலைப்பட்டியல் ஒன்றில் இரண்டு பத்திகள் இடம் மாறியிருந்தன. லே-அவுட் செய்யும் தம்பியை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா பார்க்கல?" சாரி சார் என்றான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த இதழிலும் அதே தவறு. இந்தத் தடவை கத்துவதற்கு எழுந்தவன், ஏனோ அப்படியே நின்றேன். பத்து நிமிஷத்துக்கு முன்தான் பேப்பர் சப்ளையர் பழைய பாக்கியைக் கேட்டுப் போன் செய்திருந்தார். மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்கு அவன்மேல் இருந்தது கோபமா? பாதிக்கு மேல் பயம். நம் வீடுகளில் பயம், அவமானம், பசி எல்லாவற்றுக்கும் ‘கோவம்’ என்று ஒரே பேர் வைத்துவிடுகிறோம்.

கீழே டீக்கடைக்கு அழைத்துப்போனேன். "என்னாச்சுப்பா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டம். அவன் கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடையில் மூன்று தடவை நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். கடைசியில் சொன்னான்: "சார், நீங்க ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா திருத்தம் அனுப்புறீங்க. மூணு பட்டியல் வந்துச்சு. எது கடைசின்னு தெரியல. கேட்டா திட்டுவீங்கன்னு..." டீ ஆறிவிட்டது. மறுநாளிலிருந்து திருத்தம் ஒரே ஃபைலில், மாலை ஆறு மணிக்குள். அந்தத் தவறு திரும்ப வரவில்லை. நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போன வாரமும் ஒருவரிடம் கத்தினேன்.

தன் உணர்ச்சியையும் எதிரே இருப்பவரின் உணர்ச்சியையும் புரிந்து நடப்பதற்கு ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்று பெயர். டேனியல் கோல்மனின் 1995 நூலுக்குப் பிறகு அது பெரிய வியாபாரமாகிவிட்டது. ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி, பஃபே சாப்பாடு, சான்றிதழ். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. சத்யா நாதெள்ளாவின் கதை அதைவிட உதவும். மைக்ரோசாஃப்ட்டில் வேலைக்கான நேர்காணலில், நாற்சந்தியில் ஒரு குழந்தை விழுந்து அழுகிறது, என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அவசர உதவிக்குப் போன் செய்வேன் என்றார். குழந்தை அழுதால் முதலில் தூக்க வேண்டும் என்று கேட்டவர் சொன்னதை நாதெள்ளாவே எழுதியிருக்கிறார். 2014 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். அக்டோபரில் ஒரு பெண்கள் மாநாட்டில், சம்பள உயர்வைக் கேட்காமல் அமைப்பை நம்புங்கள் என்ற பொருளில் பேசி மாட்டிக்கொண்டார். அன்றைக்கே, நான் சொன்னது முழுத் தவறு என்று ஊழியர்களுக்கு எழுதினார். சான்றிதழை எல்லாம்விட அந்த ஒரு மெயில் பெரிது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பிரஸ் மெஷினில் கையை விடப் போகிறவனிடம் ‘உனக்கு என்ன தோணுது’ என்று கேட்பவன் முதலாளியே இல்லை. அங்கே கத்தத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள் ஆன பையனுக்கும் கேள்வி உதவாது. பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும்.

உங்கள் கடையிலோ பட்டறையிலோ இந்த மாதம் யாரிடமாவது ‘என்னாச்சு’ என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து பாருங்கள். என்ன நடந்தது என்று எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்