விரல் வேகம் வேண்டுமா? நிதானம் பழகுங்கள்

கிட்டாரில் வேகமாக வாசிக்க ஆசையா? முதலில் வேகத்தை மறந்துவிடுங்கள். தடுமாறியபடி வேகமாக வாசித்தால், விரல்கள் அந்தத் தடுமாற்றத்தையே பழகிக்கொள்ளும்.

கைப்பேசியில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்திற்கு 60 தட்டுகளில் வையுங்கள். தட்டுக்கு ஒரு சுரமாக, ஐந்தாம் ஃபிரெட் முதல் எட்டாம் ஃபிரெட் வரை, நான்கு விரல்களாலும் ஆறு தந்திகளிலும் வாசியுங்கள். மூன்று முறை பிசிறில்லாமல் வந்தால் 5 தட்டுகள் கூட்டுங்கள், பிசகினால் குறையுங்கள்.

விரலை உயரத் தூக்காதீர்கள். திரும்பி வர நேரமாகும். ஃபிரெட்டை ஒட்டி அழுத்தினால் குறைந்த பலமே போதும்.

விரல் நுனி எரிச்சல் போகப் போகக் குறையும். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள். தினமும் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட அதுவே பலன் தரும்.