முதலில் ஆட்கள், பிறகு கருவிகள்

ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் புதிய கருவிகளுக்கும் முறைகளுக்கும் ஆயத்தமா என்று பார்க்க வருபவர்கள் நிர்வாகத்தின் ஆர்வத்தையும் பயிற்சித் திட்டத்தையும் கணினி வசதியையும் அளக்கிறார்கள். இரவில் ஒரு முதியவர் மணியை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருவார் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

2020இல் கொரோனாவின் முதல் அலையின்போது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஐந்து இல்லங்களுக்கு இராணுவம் உதவிக்குப் போனது. மே மாதம் வெளியான அதன் அறிக்கையில் கரப்பான் பூச்சிகளும், மாற்றப்படாத டயப்பருடன் கிடந்த முதியவர்களும், காலாவதியான மருந்துகளும் இருந்ததாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆள் பற்றாக்குறை தொற்றுக்கு முன்பே இருந்தது என்று மாகாணம் அமைத்த ஆணைக்குழு 2021இல் எழுதியது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை வைத்தது. ஆனால் அது மாகாணம் முழுவதற்குமான சராசரி. எந்தத் தனி இல்லத்தையும் அது கட்டுப்படுத்தாது. இது பெரிய ஓட்டை.

கட்டிலில் இருந்து எழுந்தால் ஒலிக்கும் உணரி நல்ல கருவிதான். ஒலித்தவுடன் ஓடிவர யாருமில்லை என்றால், விழுந்த நேரத்தைக் குறித்துவைக்க மட்டுமே அது உதவும்.

பீல் வட்டாரத்தின் மால்டன் வில்லேஜ் இல்லத்தில் 2017இல் தொடங்கிய மாற்றத்தைப் பாருங்கள். மறதி நோயாளர்கள் வாழும் பகுதியின் சுவர்களுக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசினார்கள். பணியாளர்கள் சீருடையை விட்டுவிட்டு அன்றாட உடையில் வந்தார்கள், முதியவர்களுடன் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். வேலைப் பட்டியலை முடிப்பதைவிட மனிதரோடு இருப்பதே கடமை என்றானது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பணியாளருக்கு உட்கார்ந்து பேச நேரம் தேவைப்பட்டது. நேரம் கொடுக்காத இல்லத்தில் இந்த முறையும் சுவர் வண்ணத்தோடு நின்றுவிடும்.

ஆகவே, ஆட்களை நிரப்பாமல் கருவிகளுக்குப் பொதுப்பணம் கொடுப்பது அநீதி. நான்கு மணி நேரத்தை ஒவ்வொரு இல்லத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும். ஆயத்தநிலையை மதிப்பிடும்போது, முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டும் பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் தனிநபர் ஆதரவுப் பணியாளரிடம் முதலில் கேட்க வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அந்த வேலையில் நம் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். முதுகு வலியோடு வீடு திரும்பும் அவர்களுக்கு எந்தக் கருவி பயன்படும், எது அலமாரியில் தூங்கும் என்று நன்றாகத் தெரியும்.

உங்கள் அம்மாவோ அப்பாவோ இப்படியோர் இல்லத்தில் இருந்தால், அந்த இல்லத்தின் குடும்பத்தினர் மன்றத்தில் சேருங்கள். இரவுப் பணியில் எத்தனை பேர் என்று மன்றத்தின் வழியே எழுத்தில் கேளுங்கள். மன்றம் எழுப்பும் குறைகளுக்கு 10 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர இல்லம் சட்டப்படி கடமைப்பட்டுள்ளது.