ரகசிய ஸ்கூட்டர்

என் ஸ்கூட்டர் திருடு போய்ப் பதினாலு மாசம். இன்ஷூரன்ஸ்காரர், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் சர்ட்டிபிகேட் கேட்கிறார். ஸ்டேஷனிலோ, "பார்க்கலாம் சார்!"

2005-ம் வருட தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி ஃபைல் நகல் கேட்டேன். 'தந்தால் புலன்விசாரணை கெடும். பிரிவு 8(1)(எச்)' என்று பதில். நான் என்ன, திருடனின் உறவினனா?

விசாரணை நடக்கிறது என்றால் மட்டும் போதாது, எப்படிக் கெடும் என்று காரணம் காட்ட வேண்டும் என்று தில்லி ஐகோர்ட் 2007-லேயே சொல்லியிருக்கிறது. பி.காம். மூளை சும்மா இருக்குமா? அதை எழுதி அப்பீல் போட்டேன்.

நகல் வந்தது. பக்கம் 2 ரூபாய் வீதம், மூன்று பக்கம். என் புகார், எஃப்.ஐ.ஆர்., கடைசியாக என் தகவல் மனு!

"இதையாங்க இத்தனை நாளா பூட்டி வெச்சிருந்தாங்க?" என்றாள் மனைவி.