வாடகைப் பரண்

சென்னையில் முப்பது வயசைத் தாண்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கெல்லாம் இப்போது ஒரே வியாதி: 'ரீடெவலப்மென்ட்'. பில்டர் வருவார். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு லிஃப்ட், ஜெனரேட்டர், வாசலில் கண்ணாடிக் கதவு சகிதம் புதுசு கட்டித் தருவதாகச் சொல்வார். இரண்டு வருஷம் நாம் வெளியே தங்க வாடகையும் தருவார். எல்லாம் தருகிற மனிதர், பரண் மேல் இருப்பதை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் வழி சொல்லமாட்டார்.

எங்கள் முறை வந்தபோது அம்மா ஒரு லிஸ்ட் எழுதினாள். தேக்குக் கட்டில் ஒன்று. அப்பாவின் சாய்வு நாற்காலி ஒன்று. பித்தளை அண்டா மூன்று, தவலை இரண்டு. அப்பா சேர்த்த புத்தகங்கள் பதினொரு பெட்டி. கால் தையல் மெஷின். கொலுப் படி, பொம்மைகள் நாலு ட்ரங்க் பெட்டி. பட்டுப் புடவை பதினேழு. ஓடுகிற கிரைண்டர் ஒன்று, ஓடாத கிரைண்டர் ஒன்று. கிடைத்திருந்த வாடகை வீட்டில் இத்தனையும் வைத்தால் நாங்கள் வராந்தாவில்தான் படுக்க வேண்டும். 'வித்துடலாம்மா' என்று நான் சொல்லவில்லை. முப்பத்தாறு வயசில் அந்த அளவுக்கு விவேகம் வந்துவிட்டது.

என் மனைவிதான் செல்போனில் தேடி, 'செல்ஃப் ஸ்டோரேஜ்' என்கிற சமாசாரத்தைக் கண்டுபிடித்தாள். பெரிய கோடவுன். அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஷட்டர். இடம் அவர்களுடையது, பூட்டும் சாவியும் உங்களுடையது. மாச வாடகை. அமெரிக்காவில் 1960களில் டெக்ஸாஸ் பக்கம் ஆரம்பித்த வியாபாரம் இது. அந்தக் காலத்தில் நம்மிடம் வந்து சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக்கு மேலே இலவசமாக ஒன்று இருந்தது. பிறகு பரணே இல்லாத ப்ளாட்டுகளாகக் கட்டினோம். இப்போது பரணைத் தனியாகக் கட்டி சதுர அடிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். பெங்களூரில் உண்டு, சென்னையிலும் உண்டு.

பி.காம். படித்தவன் சும்மா இருப்பானா? ஐம்பது சதுர அடி அறைக்கு மாசம் 4,500 ரூபாய். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5,310. இருபத்துநாலு மாசத்துக்கு 1,27,440 ரூபாய். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பழைய ஃபர்னிச்சர்காரரைக் கூப்பிட்டு விசாரித்தேன். புடவையும் புத்தகமும் நீங்கலாக மொத்தத்துக்கும் 31,000 என்றார். காலேஜில் படித்த கணக்குப்படி மரச் சாமானுக்கு வருஷம் பத்து சதவீதம் தேய்மானம் வேறு. கால்குலேட்டரை அம்மா முன்னால் வைத்தேன்.

"அவன் வாங்குற விலையைத்தானே கேட்டே? அதே கட்டிலை அவன் விக்கிற விலை என்னன்னு கேட்டுட்டு வா" என்றாள்.

அவர் பி.காம். படிக்காதவர்.

ஒப்பந்தம் எட்டுப் பக்கம். இதை மட்டும் அவசியம் படியுங்கள், ஸார். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 148-ஆவது பிரிவு முதல் 'பெயில்மென்ட்' என்று வரும். என் பொருளை உங்களிடம் ஒப்படைத்தால், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151. ஆனால் பூட்டும் சாவியும் நம்மிடம் இருக்கிற இடத்தில், 'உன் பொருள் எங்கள் கையில் இல்லை. இடத்தை உபயோகிக்க அனுமதி தந்திருக்கிறோம், அவ்வளவுதான்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். கரப்பான் கடித்தால் அது உங்களுக்கும் கரப்பானுக்கும் உள்ள விவகாரம். வீட்டுக்கு எடுத்த இன்ஷூரன்ஸும் பாலிஸியில் எழுதியிருக்கும் விலாசத்துக்குத்தான். கோடவுனில் இருக்கும் கட்டிலுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். வாடகை பாக்கி விழுந்தால் எத்தனை நாளில் பூட்டை உடைத்து விற்பார்கள் என்பதும் அதே எட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயின்ட், தின்கிற பண்டம் எதையும் உள்ளே வைக்கக்கூடாது. (அம்மாவின் லிஸ்ட்டில் ஊறுகாய் ஜாடி இருந்தது. காலி ஜாடிதான் என்று நிரூபித்த பிறகே அனுமதி.)

இடம் பார்க்கப் போனபோது மானேஜர் ஸி.ஸி.டி.வி.யைக் காட்டினார், தீயணைக்கும் சிலிண்டரைக் காட்டினார். அம்மா வெளியே வந்து எதிர்ப்பக்க டீக்கடைக்காரரிடம், "2015 டிசம்பர்ல இங்க தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு தம்பி?" என்று கேட்டாள். முட்டியைக் காட்டினார். "புயல் வந்துச்சே, 2023 டிசம்பர்ல?" கணுக்காலைக் காட்டினார். திரும்ப உள்ளே போய் முதல் மாடியில்தான் அறை வேண்டும் என்று சொல்லிவிட்டாள். திருடனையும் தீயையும் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் சாமானைக் கொல்கிறது தண்ணீர்தான், அதிலும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்.

காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் எண்பதைத் தாண்டுவது சர்வசாதாரணம். குளிர்சாதன அறை என்று கூடுதலாக வாடகை கேட்பார்கள். கேட்டால், ராத்திரியும் ஓடுமா என்று திருப்பிக் கேளுங்கள். பகலில் குளிர வைத்து ராத்திரி அணைத்துவிட்டால், சாமான் குளிர்ந்திருக்கும், உள்ளே ஈரக்காற்று வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பது போல எல்லாம் வேர்க்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி உள்ளே வைத்துவிட்டால் மானேஜரோடு வாக்குவாதம் மிச்சம்.

பாக்கிங் அன்றைக்குத்தான் யுத்தம். பாக்கர்ஸ் பையன்கள் வந்து, கையில் கிடைத்ததையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் சுற்ற ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்னையும் சுற்றியிருப்பார்கள்.

"பிளாஸ்டிக் வேணாம்ப்பா" என்றாள் அம்மா.

"சுத்தினாதான் பாட்டி தூசி வராது."

"தூசி வந்தா துடைச்சுக்கலாம். உள்ள வேர்த்துப் போனா யாரு துடைக்கிறது?"

இந்த ஒரு கேள்விக்குள் மொத்த சாஸ்திரமும் அடக்கம். காயாமல் எதையும் மூடாதே. நவம்பரில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பில்டர் சொல்லியிருந்தார். அம்மா ஆவணி வெயிலிலேயே மொட்டை மாடியில் கடை விரித்துவிட்டாள். மெத்தை, தலையணை, கட்டில் சட்டம், புத்தகம் எல்லாம் வெயில் கண்டன. புடவைக்கு மட்டும் நிழல் காற்று. நேர் வெயில் பட்டால் பட்டு வெளுக்கும். அண்டா தவலையைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, துடைத்தது போதாதென்று ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்தும் வைத்தாள். இரண்டாவது மாடிக்காரர் மழை பிடித்த பிறகு சாவகாசமாகக் காலி செய்தார். ஈரத்தோடு மெத்தையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி இறுக்கி டேப் ஒட்டி, அதே கோடவுனில் வைத்தார். தை மாசம் பிரித்தபோது அதில் பச்சையாக ஒரு தோட்டமே இருந்தது.

புடவைக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் துவைத்து மெத்தென்றிருக்கும் பருத்தித் துணியில், தனித்தனியாக. அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிகள் அதற்கென்றே காத்திருந்தன. செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும், தாளின் அமிலம் துணியை மஞ்சளாக்கும். அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளிதானே? காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். அந்துருண்டை அதன் மேல் படக்கூடாது. அந்துருண்டையின் ஆவி காற்றை விடக் கனமானது, கீழே இறங்கும். எனவே துணி முடிச்சில் கட்டிப் பெட்டியின் மேல்பக்கம் வைப்பதுதான் முறை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வாசனை ஏறிய துணியைக் காற்றாடப் போடாமல் குழந்தை பக்கம் கொண்டு போகாதீர்கள். ஜி-6-பி-டி என்கிற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கும்.

புத்தகங்களுக்கு எதிரி ராமபாணப் பூச்சி. ஈரமும் பசையும் அதற்கு விருந்து. அம்மா வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து ஒவ்வொரு பெட்டியிலும் போட்டாள். நான் சிரிக்கவில்லை. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காப்பாற்றிய பொடியிலும் வசம்பு உண்டு. என் பங்குக்கு ஸிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டேன். நிறம் மாறினால் அது வயிறு முட்டக் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். வெள்ளிக் குங்குமச்சிமிழ் டப்பாவில் அம்மா போட்டது ஒரு சாக்பீஸ். அதுவும் ஈரம் குடிக்கும். விலை ஒரு ரூபாய்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் கதவை இறுக மூடாமல் நடுவே துண்டை மடித்து வையுங்கள். கடிகாரம், ரிமோட், டார்ச் எல்லாவற்றிலும் பாட்டரியைக் கழற்றுங்கள். கசிந்தால் பொருளே போச்சு. கட்டிலைக் கழற்றினால் திருகாணிகளைப் பையில் போட்டு அந்தக் கட்டில் காலிலேயே கட்டுங்கள். எதையும் தரையில் வைக்காதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள். ஒரு சாண் காற்று ஓடட்டும். அடியில் போட மரப் பலகையை விட பிளாஸ்டிக் பலகை நல்லது, கறையான் அதை மதிப்பதில்லை. பெட்டிக்கு நம்பர், நோட்டில் லிஸ்ட். இடையில் எடுக்க வேண்டியது ஷட்டர் பக்கம். நவராத்திரிக்குக் கொலு நின்றுபோகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் எங்கள் வாசற்படியில் செட்டியார் பொம்மை உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு செய்தும் சில சாமான்கள் கெட்டுப்போகும். உபயோகிக்காததே அவற்றுக்கு நோய். அப்பா இரண்டே முறை போட்ட ஷூ, எடுத்துப் பார்த்தபோது அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்தது. அந்த ரக சோல், காற்றின் ஈரத்தில் தானாகவே சிதையும். குக்கர் காஸ்கெட் விறைத்துப் போனது. மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டாததால் தையல் மெஷினில் எண்ணெய் பசையாகிவிட்டது.

இதனால்தானோ என்னவோ, அம்மா மாசத்தில் முதல் சனிக்கிழமை கோடவுனுக்குக் கிளம்பிவிடுவாள். கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு கூடை, அதில் எண்ணெய்க் குப்பி, துடைக்கத் துணி, எங்கள் இரண்டு பேருக்கும் புளியோதரை. ஷட்டரைத் தூக்கியதும் சாய்வு நாற்காலியை இழுத்து வெளியே போடச் சொல்வாள். அதில் உட்கார்ந்து நாலைந்து புடவையைப் பிரித்து, பழைய மடிப்பில் படாமல் வேறு மடிப்பு மடிப்பாள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியில் பட்டு அறுந்துவிடும். வாட்ச்மேன் மின்விசிறி கொண்டுவந்து வைக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டார்.

ஏழாவது மாசமோ எட்டாவது மாசமோ, மடித்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு வருஷம்னு சொன்னான். கட்டடம் எந்த மட்டுக்கு வந்திருக்கு?"

"பேஸ்மென்ட் போடறாங்கம்மா."

"எனக்கு எழுபத்திரண்டு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எந்தக் கால்குலேட்டரையும் எடுக்கவில்லை.

அடுத்த மாசம் திரும்பும்போது கூடையில் ஒரு புடவை இருந்தது. அரக்கு நிறம், மாம்பழ பார்டர். என் மனைவியிடம் கொடுத்து, "நாளைக்குக் கல்யாணத்துக்கு இதைக் கட்டிக்கோ. பீரோவில வைக்காதே, கட்டிக்கோ" என்றாள். அதற்கடுத்த மாசம் இரண்டு புடவை, அக்கா பெண்ணுக்கு. அண்டாக்கள் ஒரு கோயில் அன்னதானத்துக்குப் போயின. பொங்கல் கிண்டும்போது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தையல் மெஷின் எதிர்வீட்டில் பிளவுஸ் தைக்கிற பெண்ணுக்கு. கொடுப்பதற்கு ஒரே நிபந்தனைதான்: "நீ உபயோகிக்கிறதை நான் பார்க்கணும்." ஏழு பெட்டிப் புத்தகத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதற்கு முன், அலமாரி இருக்கிறதா, அலமாரிக்குப் பூட்டு இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

ஓடாத கிரைண்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பதினைந்தாவது மாசம் ஐம்பது சதுர அடியிலிருந்து இருபத்தைந்துக்கு மாறினோம். வாடகை ஏறக்குறைய பாதி. மானேஜருக்குத்தான் வருத்தம்.

போன சனிக்கிழமை பார்த்தபோது உள்ளே மிச்சம்: கட்டில், நாலு பெட்டிப் புத்தகம், கொலு பொம்மைகள், சாய்வு நாற்காலி, மேற்படி கிரைண்டர். இடம்தான் இருக்கிறதே, நாற்காலியை இப்போதே வாடகை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம். அது புது வீட்டுக்குப் போகணும். நான் வந்தாலும் வராட்டியும் அது போகணும்" என்றாள்.

நாற்காலித் துணியை மட்டும் கழற்றி, துவைப்பதற்குக் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டுமாம். ஷட்டரை நான்தான் இறக்கினேன்.